பட்டாசு விபத்து பற்றிச் சிறப்புக் கட்டுரை: குடும்பமா, கோப்பா, ஊரா?

சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் மறுநாள் செய்தியில் என்ன இருக்கும் என்பதை விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் பேப்பரைப் பிரிக்காமலே சொல்லிவிடுவார்கள். மருந்து கலக்கும்போது உராய்வு. இத்தனை அறைகள் தரைமட்டம். இத்தனை பேர் பலி. போர்மேன் கைது, உரிமையாளருக்குத் தனிப்படை வலை. முதல்வர் இரங்கல், நிவாரணத் தொகை. அன்றாடச் செய்திக்கு இது போதும். ராத்திரிக்குள் பக்கம் முடிக்க வேண்டிய நிருபரிடம் இதற்கு மேல் கேட்பதும் நியாயமில்லை. ஒரு வாரம் கழித்து, "இதை விரிவா ஒரு சிறப்புக் கட்டுரையா பண்ணுங்களேன்" என்று ஆசிரியர் சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அப்போது நிருபருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. இறந்தவர் ஒருவரின் குடும்பத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வழியாகச் சொல்லலாம். எஃப்.ஐ.ஆர்., உரிமம், ஆய்வு அறிக்கை, குற்றப்பத்திரிகை என்று விபத்தின் காகிதங்களைப் பின்தொடரலாம். அல்லது ஒரே ஒரு ஊரில் தங்கி, அந்த ஊர் பட்டாசை நம்பி எப்படிப் பிழைக்கிறது என்று எழுதலாம். இதை யாரும் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. படம் அங்கேதான் கிடைக்கும் என்பதால் முதல் வழி தானாகவே அமைந்துவிடுகிறது.

மாவட்ட நிருபர்கள், ஊர் அளவில் யூடியூப் சேனலோ மாத இதழோ நடத்துபவர்கள் ஆகியோரை மனதில் வைத்துதான் மூன்றையும் ஒப்பிடுகிறேன். முதலில் கதையைத் திட்டமிட்டுவிட்டு நெறிமுறையைக் கடைசியில் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது நடக்காது. எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதிலேயே பாதி நெறி முடிவாகிவிடுகிறது. கட்டுரை வந்த மறுநாள் அதன் விளைவைச் சுமக்கப்போவது யார் என்ற ஒரே கேள்வியை வைத்து அளந்தால் என் ஓட்டு கோப்புக்குத்தான். மற்ற இரண்டுக்கும் இடம் உண்டு, ஆனால் அவற்றிலிருந்து தொடங்கக் கூடாது.

குடும்பத்தின் வழியாக

இந்த வழிக்குச் சாதகமாகச் சொல்ல நிறைய இருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 38 பேர் இறந்தார்கள் என்று படித்தால் எண் மட்டும்தான் நிற்கும். பாதியில் நின்ற வீடு, மகளிர் குழுக் கடனின் மீதித் தவணை, கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் பெண் என்று எழுதினால் வாசகர் நின்று படிப்பார். செலவும் குறைவு. ஒரு பைக், ஒரு புகைப்படக்காரர், இரண்டு நாள் அலைச்சல், அவ்வளவுதான்.

ஆனால் அந்த வீட்டில் அந்த வாரம் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். விபத்து நடந்த அன்றோ மறுநாளோ அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் உறவினர்கள் உடலை வாங்க மறுத்து உட்காருவார்கள். தாசில்தார், டி.எஸ்.பி., ஆலைத் தரப்பு ஆட்கள், ஊர்ப் பெரியவர்கள், கட்சிக்காரர்கள் எல்லோரும் பேசுவார்கள். இழப்பீடு இவ்வளவு, ஈமச்சடங்குக்கு இப்போது கையில் இவ்வளவு, மீதி காசோலை என்று முடிவாகும். அந்தக் காசோலை வந்து, வங்கியில் பணமாகும்வரை பேச்சுவார்த்தை முடியவில்லை என்றுதான் அர்த்தம். நடுவில் நாம் போய் மைக்கை நீட்டுகிறோம். "ஒரே ரூம்ல எட்டுப் பேர் உட்கார்ந்து வேலை பார்த்தோம்" என்று, அதே ஆலையில் வேலை பார்த்த அந்த வீட்டுப் பெண் யதார்த்தமாகச் சொல்வார். அது வழக்கில் சாட்சியமாகும். பணத்தை இழுத்தடிக்க ஆலைத் தரப்புக்கு ஒரு சாக்காகவும் ஆகும். அவருடைய தம்பி அதே முதலாளியின் வேன் ஓட்டுபவராக இருக்கலாம். ஆறு மாதம் கழித்து அவரே பக்கத்து ஆலைக்கு வேலைக்குப் போக வேண்டியிருக்கும்.

ஆகவே முதல் வாரத்தில் கிடைக்கும் "சரி, எழுதிக்கோங்க" என்ற பதிலை முழுச் சம்மதமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு தடவை கேட்க வேண்டும். இரண்டாம் தடவை கருமாதி முடிந்து, கூட்டம் கலைந்து, வீட்டில் ஆள் குறைந்த பிறகு. அப்போது என்னவெல்லாம் வெளியே வரும் என்பதையும் விவரமாகச் சொல்ல வேண்டும்: பெயர், படம், ஊர், எவ்வளவு நாள் கழித்துத் தேடினாலும் கிடைக்கப்போகும் வீடியோ. அவர் சொன்னதாக நாம் எழுதியிருக்கும் வரிகளை வெளியிடும் முன் அவருக்கே வாசித்துக் காட்டலாம். கலெக்டருக்கும் ஆலை அதிபருக்கும் வாசித்துக் காட்ட மாட்டேன், அவர்களுக்குப் பத்திரிகை பழக்கம். வாழ்க்கையில் ஒரு தடவைகூட நிருபரிடம் பேசியிராத ஒருவரை அவர்களோடு ஒரே விதியில் வைக்க முடியாது.

அடுத்தது பெயர் மாற்றம். "பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன" என்று அடியில் ஒரு வரி போட்டுவிட்டால் பாதுகாப்பு கொடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம். விபத்து விஷயத்தில் இது வெறும் சடங்கு. இறந்தவரின் பெயரும் வயதும் ஊரும் ஏற்கெனவே எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டன. "ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்துக் கிராமம், கணவரை இழந்தவர், வயது 34, இரண்டு பெண் குழந்தைகள்" என்று எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினால் டீக்கடையில் இருக்கும் எல்லோருக்கும் யாரென்று தெரியும். மறைப்பதாக இருந்தால் ஊர், வயது, குழந்தைகள் எண்ணிக்கை எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் குடும்பக் கதையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதற்காக மூன்று பெண்களின் அனுபவத்தை ஒரே பெண்ணாகக் கலந்து எழுதும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். 1980இல் வாஷிங்டன் போஸ்ட்டில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஹெராயினுக்கு அடிமையானதாக ஒரு கட்டுரை வந்தது. அடையாளத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லியே பெயர், விலாசம் எதுவும் ஆசிரியர் குழுவிடம்கூடத் தரப்படவில்லை. அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அப்படி ஒரு சிறுவனே இல்லை என்று தெரிந்ததும் பரிசைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாசகருக்குத் தெரியாத பெயர் ஆசிரியருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்ற விதியை நம் ஊர்ச் சிறு பத்திரிகையும் வைத்துக்கொள்ளலாம், ஒரு பைசா செலவில்லை.

குழந்தைகள் விஷயத்தில் யோசிக்கவே இடமில்லை. சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் பிரச்சினைக்கு நீண்ட வரலாறு உண்டு. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒரு குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி அந்தக் குழந்தையின் மறுவாழ்வு நிதிக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 14 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களையும் வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்களில் வைக்கக் கூடாது. ஆக, ஓர் ஆலையில் 16 வயதுப் பையன் வேலை பார்த்தான் என்பது பெரிய செய்திதான். அந்தச் செய்திக்கு அவன் முகம் தேவையில்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்ட, அல்லது குற்றத்துக்குச் சாட்சியான குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. பள்ளிச் சீருடையில் அப்பாவின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தை என்ற அந்த ஃபிரேம் எல்லாப் புகைப்படக்காரர்களுக்கும் மனப்பாடம். எடுக்காமல் வந்துவிடச் சொல்லுங்கள். எடுத்துவிட்டால் லேஅவுட் மேசையில் அதை நிறுத்த யாராலும் முடியாது.

தீக்காயப் பிரிவுக்குள் போய்ப் பேட்டி எடுப்பதையும் நான் ஏற்கவில்லை. வலி மருந்தின் மயக்கத்தில் இருப்பவர் தரும் சம்மதத்துக்கு மதிப்பில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, தீக்காய விபத்தில் எண்ணிக்கை நாள்தோறும் மாறும். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் நடந்த விபத்தில் முதல் நாள் வந்த எண்ணிக்கை, சிகிச்சையில் இருந்தவர்கள் அடுத்தடுத்து இறந்ததில் 20ஐத் தாண்டியது. "பிழைத்து வந்தவர்" என்று தலைப்புப் போட்டு நீங்கள் எழுதியவர், பிரதி அச்சாகும்போது இல்லாமல் போயிருக்கலாம்.

இவ்வளவையும் கவனமாகச் செய்துவிட்டாலும் குடும்பக் கதையில் என்னை உறுத்தும் ஒன்று மிஞ்சுகிறது. அது விபத்தை விதியாக்கிவிடுகிறது. வாசகர் கலங்குகிறார், பகிர்கிறார், அடுத்ததுக்குப் போகிறார். அந்தக் கட்டுரைக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எந்த அலுவலகத்துக்கும் வராது. பேசிய பெண்ணுக்கு ஆபத்து, பேசாமல் இருந்தவர்களுக்கு நிம்மதி.

கோப்பின் வழியாக

இந்தியாவில் பட்டாசு தயாரிக்க 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும், அதன்கீழ் வந்த 2008ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். உரிமம் வழங்கும் மத்திய அமைப்பான பெசோவின் தலைமையகம் நாக்பூரில். உரிமம் தந்த அலுவலகத்தை வைத்துத்தான் நம் பக்கத்தில் 'நாக்பூர் லைசென்ஸ்', 'சென்னை லைசென்ஸ்', மாவட்ட வருவாய் அலுவலர் தரும் 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்' என்று ஆலைகளைப் பிரித்துச் சொல்கிறார்கள். எந்த அறையில் என்ன வேலை, எத்தனை பேர், எவ்வளவு மருந்து, எந்த ரகம் என்ற வரம்பெல்லாம் உரிமத்தோடு வருபவை. விபத்து நடந்த அன்று காலையில் அங்கே இருந்த நிலைக்கும் அந்தக் காகிதத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதுதான் பெரும்பாலான விபத்துகளின் உண்மையான கதை.

உள்குத்தகையை எடுத்துக்கொள்ளுங்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகள் நாலைந்து பேரிடம் கைமாறியிருக்கும். வாடகைக்கு எடுத்தவருக்குப் பருவம் முடிவதற்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும், ஆகவே ஆளும் மருந்தும் அறைக்குள் கூடும். அச்சன்குளம் விபத்தின்போதும் ஆலை பலருக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்ததாகவே செய்திகள் வந்தன. யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இறந்தவரின் மனைவியிடம் விடை இருக்காது. சம்பளம் கொடுத்தவரை அவருக்குத் தெரியும், உரிமம் யார் பெயரில் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. விடை காகிதத்தில் இருக்கிறது.

முதல் காகிதம் எஃப்.ஐ.ஆர். முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. அதில் நான் முதலில் பார்ப்பது பிரிவுகளைத்தான். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு என்றால் அலட்சியத்தால் மரணம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ-யில் இரண்டு ஆண்டுவரை இருந்த தண்டனை இதில் ஐந்து ஆண்டுவரை. 105 என்றால் கொலையாகாத மரணம் விளைவித்தல், ஆயுள் தண்டனைவரை போகலாம். 288 வெடிபொருளை அலட்சியமாகக் கையாள்வது. எஃப்.ஐ.ஆரில் இருந்த பிரிவு குற்றப்பத்திரிகையிலும் இருக்கிறதா? எஃப்.ஐ.ஆரில் இருந்த பெயர்கள் எல்லாம் அங்கே வந்துசேர்ந்தனவா? போர்மேன் பெயர் மட்டும் பத்திரமாக வந்துசேர்ந்திருக்கும், அது வேறு விஷயம். இந்த இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாலே பாதிக் கட்டுரை கைக்கு வந்துவிடும்.

இரண்டாவது, தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், காரணம் சொல்லத் தேவையில்லை, மத்திய அலுவலகமானாலும் நம் பகுதியின் ஆட்சிமொழியான தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும் திருப்தியில்லாவிட்டாலும் முதல் மேல்முறையீடு. நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு, "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று விண்ணப்பத்தில் சண்டை போடுவது. ஏன் என்று கேட்டால் பதில் வராது. நகல் கேளுங்கள். கடைசி மூன்று ஆய்வு அறிக்கைகளின் நகல், உரிமம் தற்காலிகமாக ரத்தான உத்தரவின் நகல், ரத்தை நீக்கிய உத்தரவின் நகல். விசாரணை நடப்பதாகச் சொல்லி 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். விசாரணை நடக்கிறது என்பது மட்டுமே காரணமாகாது, தகவல் தருவது அதை எப்படித் தடுக்கும் என்று காட்ட வேண்டும் என்று பகத் சிங் என்ற விண்ணப்பதாரரின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2007இல் சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் அதை எழுதுங்கள். தனிநபர் தகவல் தொடர்பான 8(1)(ஜெ) பிரிவை 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மாற்றியமைத்து, மறுப்பதை எளிதாக்கிவிட்டது. ஆகவே கேள்வி தொழிலாளர்களைப் பற்றியோ அதிகாரியின் சொந்த விவரம் பற்றியோ இல்லாமல் ஆலையைப் பற்றியதாக இருக்கட்டும்.

நெறி என்ற கோணத்தில் இந்த வழியின் பெரிய அனுகூலம், ஆபத்து முழுவதும் நிருபர் தலையிலும் ஆசிரியர் தலையிலும் விழுகிறது என்பது. விழ வேண்டிய இடமும் அதுதான். அவதூறு வழக்கு வரலாம், மிரட்டல் வரலாம், விளம்பரம் நிற்கலாம். ஆனால் அதற்கு நம்மிடம் பிடிமானம் இருக்கிறது. ஆட்டோ சங்கர் வழக்கு என்று நாம் சொல்லும் 1994ஆம் ஆண்டு ராஜகோபால் தீர்ப்பில், பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடும்போது அந்தரங்க உரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். அதே தீர்ப்பு பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்களின் பெயரை அதிலிருந்து விலக்கியும் வைத்தது. நக்கீரன் சம்பந்தப்பட்ட அந்த வழக்கைத் தமிழ்நாட்டு நிருபர் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது படித்திருக்க வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு வழக்கு நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி நிலுவையில் உள்ளதாகிவிடும். அதனால் காகிதம் சொல்வதைச் சொல்லலாம், இவர்தான் குற்றவாளி என்று நாமே தீர்ப்பெழுதக் கூடாது.

குறை இல்லாமல் இல்லை. ஆய்வு அறிக்கையை நம்பி மோசம் போகவும் வாய்ப்பு உண்டு. ஆலைக்கே போகாமல் மேசையில் உட்கார்ந்து 'குறை ஏதுமில்லை' என்று எழுதியிருந்தால்? அந்தத் தேதியில் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேரிடமாவது தனித்தனியாகக் கேட்க வேண்டும், அவர்கள் பெயர் வர வேண்டிய அவசியம் இல்லாமலே. இன்னொரு குறை, வறட்சி. பிரிவு எண்ணும் தேதியுமாக அடுக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள். இதற்கு நான் சொல்லும் வழி, உரிமத்தையே கதாநாயகனாக வைப்பது. அது எப்போது பிறந்தது, யார் கைக்கெல்லாம் போனது, எப்போது புதுப்பித்தார்கள், யார் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள், எப்போது நிறுத்திவைத்தார்கள், எப்போது திரும்பக் கொடுத்தார்கள். விபத்து நடந்த நாளைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். அதே ஆலை மறுபடி திறக்கும் நாளில் ஒரு நிருபரும் அந்த வாசலில் இருப்பதில்லை. அங்கே போய் நில்லுங்கள், கட்டுரைக்கு ஆரம்பம் கிடைக்கும்.

ஊரின் வழியாக

அதிகாலையில் ஊர் முக்கில் வந்து நிற்கும் கம்பெனி வேன்கள், பீஸ் கணக்கில் கூலி, மழை பெய்தால் வேலையில்லாத நாட்கள், வானம் பார்த்த கரிசல் காடு. ஏன் இவ்வளவு செத்தும் மறுபடி அங்கேயே போகிறார்கள் என்று வெளியூர்க்காரர் கேட்கும் கேள்விக்கு ஊர்க் கட்டுரை மட்டும்தான் பதில் சொல்லும். தனி ஒருவர் மாட்டிக்கொள்ளாத அளவுக்குப் பல குரல்கள் இருக்கும் என்பதும் நல்லது. முதலிப்பட்டியில் இறந்தவர்களில் பலர், முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிப்போன அக்கம்பக்கத்துக்காரர்கள். அந்த விபத்தை ஒரு குடும்பத்தை வைத்தோ ஒரு உரிமத்தை வைத்தோ முழுதாகச் சொல்ல முடியாது, ஊரை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் இதற்கு வாரக்கணக்கில் தங்க வேண்டும். உள்ளூர்க்காரருக்கு அது சும்மா கிடைக்கும், சென்னையிலிருந்து வருபவருக்குக் கட்டாது. இன்னொன்று, ஊரில் கண்ணில் படும் எல்லாவற்றையும் எழுத முடியாது. சில வீடுகளில் பட்டாசுக்கான கருந்திரியை அனுமதியில்லாமல் தயாரிப்பது நடக்கும். 'இந்த ஊரில் இந்தத் தெருவில்' என்று எழுதினால் மறுநாள் ரெய்டு வரும், மாட்டுவது வீட்டில் உட்கார்ந்து திரி சுற்றிய பெண்கள். வாங்கிக்கொண்டு போகும் ஏஜென்ட்டும் அவருக்கு மேலே இருப்பவரும் அந்த ஊரிலேயே இருக்க மாட்டார்கள். ஆபத்தைச் சொல்ல வேண்டும், தெருவைச் சொல்லக் கூடாது. இது எளிதாகத் தெரியும், வீடியோ எடுக்கும்போது சுவர் விளம்பரமும் ரேஷன் கடைப் பலகையும் பின்னால் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். வெடித்தால் வருவார்கள், தீபாவளிக்கு வருவார்கள், நடுவில் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று அங்கே நிருபர்களைப் பற்றிப் பேசிக்கொள்வது உண்மைதான். ஒரு தடவை 'குட்டி ஜப்பான்', அடுத்த தடவை 'மரண பூமி'. இரண்டு தலைப்புக்கும் நடுவில்தான் அந்த மக்கள் இருக்கிறார்கள்.

பெட்டியும் விளம்பரமும்

எந்த வழியானாலும் அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய ஒன்று உண்டு. தீபாவளிக்கு நிருபர்களுக்கு வரும் கிஃப்ட் பாக்ஸ். பட்டாசுப் பெட்டிதானே, என்ன பெரிய லஞ்சமா என்று சிரிப்பார்கள். அந்தப் பெட்டியை வாங்கியவர் கட்டுரையில் நியாயமாக எழுதினாலும், "போன வருஷம் எங்ககிட்ட பாக்ஸ் வாங்கினவர்தானே" என்ற ஒரு வாக்கியம் அவருடைய ஆறு மாத உழைப்பைக் காலி செய்துவிடும். பகுதிநேர நிருபருக்கு இதைவிடப் பெரிய சங்கடம், விளம்பரமும் அவரே பிடித்துத்தர வேண்டியிருப்பது. தீபாவளி மலருக்கு முழுப்பக்க விளம்பரம் கேட்டுப் போன அதே அலுவலகத்துக்கு, உள்குத்தகை பற்றிக் கேள்வியோடு எப்படிப் போவார்? இதை நிருபரின் மனசாட்சியிடம் தள்ளிவிடக் கூடாது. இந்தக் கட்டுரையைச் செய்பவர் இந்தத் துறையில் விளம்பரம் பிடிக்க மாட்டார் என்று ஆசிரியர் எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்க மாட்டார் என்றால் கட்டுரையை எடுத்துக்கொள்ளாமல் இருப்பதே மேல். பிரஸ் கவுன்சில் வந்து கேட்கும் என்று காத்திருக்க வேண்டாம். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அது எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அவ்வளவுதான். யூடியூப் சேனல்கள் அதன் வரம்பிலேயே இல்லை.

ஆலைத் தரப்பின் பேச்சையும் ஒரு வரியில் முடிக்காதீர்கள். "தொடர்புகொள்ள முயன்றோம், பதில் இல்லை" என்ற வரி பல நேரம் சாயங்காலம் ஒரு மிஸ்டு கால் கொடுத்ததைத்தான் குறிக்கிறது. கேள்விகளை எழுத்தில் அனுப்பி, ஒரு வாரமாவது கொடுங்கள். அவர்களிடமும் சொல்வதற்கு இருக்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பட்டாசில் சேர்க்கும் பேரியம் என்ற ரசாயனத்துக்கும் தடை போட்ட பிறகு என்னென்ன ரகங்கள் நின்றன, டெல்லி போன்ற இடங்களின் தடைகளால் ஆர்டர்கள் எப்படிக் கடைசி நேரத்தில் குவிகின்றன, விதிப்படி நடத்தும் ஆலைக்குச் செலவு எவ்வளவு கூடுகிறது என்பதெல்லாம் அவர்கள் வாயால் வர வேண்டியவை. உள்குத்தகை ஏன் பெருகுகிறது என்பதற்கான பதிலிலும் பாதி அங்கேதான் கிடைக்கும்.

எப்போது வெளியிடுவது

தீபாவளி வாரம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வாசகர் எண்ணிக்கை அப்போது கூடும், உண்மை. ஆனால் அதற்குள் அந்த ஆண்டு உற்பத்தி முடிந்து சரக்கு வெளியூர் போய்விட்டது. கட்டுரை வாசகரைக் குற்ற உணர்ச்சியில் தள்ளுவதைத் தவிர வேறொன்றும் சாதிக்காது. எனக்குப் பிடித்த நேரம் ஆடிப்பெருக்கு. சிவகாசியில் அன்று பூஜை போட்டு மொத்த வியாபாரத்தைத் தொடங்குவார்கள். அதற்கப்புறம் ஆர்டரும் அவசரமும் ஏறிக்கொண்டே போகும், அறைகளில் ஆள் கூடுவதும் அப்போதுதான். ஆய்வுக்குப் போக வேண்டிய அதிகாரி கட்டுரையைப் படித்துவிட்டுப் போக இன்னும் மாதங்கள் இருக்கும். ஆடியில் வெளியிட வேண்டுமென்றால் தகவல் உரிமை விண்ணப்பம் மாசிக்குள் போயாக வேண்டும், முதல் மேல்முறையீட்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால்.

ஆள் பலம் இல்லாத சேனல் என்ன செய்வது? ஒரே விபத்து, ஒரே ஆலை, மூன்றே காகிதம் என்று சுருக்கிக்கொள்ளலாம். எஃப்.ஐ.ஆர்., ரத்து உத்தரவு, மறுபடி திறக்க அனுமதித்த உத்தரவு. பத்து நிமிட வீடியோவுக்கு அது தாராளம். குடும்பத்தின் குரல் வேண்டும் என்று தோன்றினால், காகித வேலை முடிந்த பிறகு, காகிதம் சொல்வதை அவர்களிடம் முதலில் காட்டிவிட்டுப் பேசுங்கள். தங்கள் வீட்டு மரணத்தைப் பற்றிய உத்தரவை அவர்களே பார்த்திருக்க மாட்டார்கள். அதைப் பார்த்தபின் என்ன பேசுகிறார்கள், பேசாமல் இருக்கிறார்களா என்பது அவர்கள் முடிவு. பேசவில்லை என்றாலும் கட்டுரை நிற்கும். அப்படி நிற்கும் நிலையில்தான் அவர்களிடம் போக வேண்டும், ஏனென்றால் அப்போது அவர்களை வற்புறுத்த நமக்குக் காரணமே இருக்காது.

என் வரிசையை நானே மாற்றிக்கொள்ளும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. இழப்பீடு வராமல், அல்லது வழக்கிலிருந்து பெரிய பெயர்கள் காணாமல்போனதை எதிர்த்து, ஒரு குடும்பமே நீதிமன்றம் போயிருந்தால், அவர்களே பத்திரிகையைத் தேடி வந்தால், அங்கே குடும்பத்தைத்தான் நடுவில் வைக்க வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று நாம் அவர்களுக்குப் பதிலாகப் பயப்படுவதும் ஒருவகை அவமரியாதைதான். ஆனால் பேட்டியைத் தொடங்கும் முன் மனுவின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் வக்கீலிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள், வெளியே சொன்னால் வழக்குக்குப் பாதகமாகும் விஷயம் எது என்று அவருக்குத்தான் தெரியும்.